கடைசி டிராமுக்குப் பிறகு

பன்னிரண்டே முக்காலுக்கு
நெக்கார் பாலத்தைக் கடக்கும் கடைசி டிராம்
கொட்டகை சேர்ந்த பிறகுதான்
எங்கள் காந்தப்புலம் அசையாமல் நிற்கும்.
அதுவரை காபி.
அதுவரை ஆன்ஸ்கார் நகம் கடிப்பான்.
வீப்கே, லென்ஸ் துடைக்கும் தாளில்
சின்னச் சின்னப் படகு செய்வாள்.
நான் வெற்றிடப் பம்பின் ஓசையில்
புதிதாய் ஏதும் கரகரக்கிறதா என்று
காது கொடுத்து நிற்பேன்.

நவம்பர் மாத ஹைடல்பர்க்.
வெளியே பூஜ்யத்துக்கு மேல் இரண்டு டிகிரி.
உள்ளே, கட்டைவிரல் அகலக் கண்ணாடிக்குப் பின்னால்,
ஒரு டிகிரியைக் கோடித் துண்டாக வெட்டி
அதில் இரண்டோ மூன்றோ மட்டும்
மிச்சம் வைத்த குளிர்.

சீசியம் கனம். கீழே தொய்கிறது.
லித்தியம் லேசு. மேலேயே தங்குகிறது.
அணுவும் விழும் பொருள்தான் என்பதை
இந்தக் குளிரில்தான் கண்ணால் கண்டேன்.
இரண்டு மேகங்களையும் ஒரே படுக்கையில் கிடத்த
ஒரு லேசர் கற்றையை
மயிரிழை கீழே இறக்கினால் போதும்.
அந்த மயிரிழைக்கு ஏழு மாதம் ஆனது.

தேடுவது இதை:
எந்த இருவர் சேர்ந்தாலும் நிற்காது.
மூவரானால் நிற்கும்.
ஒருவரை உருவினால் மற்ற இருவரும்
முன்பின் தெரியாதவர்களாய் விலகுவார்கள்.
கனத்த இருவருக்கும் நடுவே
லித்தியம் ஓடி ஓடித் தூது சொல்லும்;
தூது நின்றால் உறவு நின்றது.
அந்தக் கூட்டுக்கு மேலே அதே கூட்டு,
ஏறக்குறைய ஐந்து மடங்கு பெரிதாய்.
அதற்கும் மேலே இன்னொன்று,
இன்னும் ஐந்து மடங்கு.
பெயரும் ஊரும் கேட்காத கணக்கு அது.
எடை மட்டும் கேட்கும்.

இரண்டைப் பார்த்தாயிற்று. மூன்றாவது பாக்கி.

பார்த்தாயிற்று என்பதும் பொய்தான்.
மூவர் கூடும் கணத்தில்
இருவர் இறுகப் பற்றிக்கொள்ள
மிஞ்சிய ஆற்றலில் மூவருமே
பொறியை விட்டுத் தெறிக்கிறார்கள்.
நாங்கள் படம் எடுப்பது காலி இடத்தை.
ஓடிப்போனவர்களின் எண்ணிக்கையை வைத்து
வீட்டுக்குள் என்ன நடந்தது என்று
ஊகிக்கிற பிழைப்பு.

ஆன்ஸ்காரும் நானும் லிஃப்டில் மாட்டினால்
மாடி எண்களைப் படிப்போம்.
அவனும் வீப்கேயும் பேசத் தொடங்கினால்
இரண்டாம் வாக்கியத்தில் கதவு அறையும்.
வீப்கேயும் நானும்,
அது வேண்டாம் இப்போது.
மூன்று பேரும் இருந்தால் மட்டும்
விடியும்வரை பேச்சு ஓயாது.

அவளுக்கு இது கடைசி இரவு.
ஹம்பர்க்கில் காப்பீட்டு நிறுவனம்,
பகல் வேலை, ஜன்னல் உண்டாம்.

மூன்றரை மணி.
எண்ணூற்று நாற்பத்து மூன்று காஸ் தாண்டவில்லை,
புள்ளிக்குப் பின்னால் மூன்றாம் இலக்கத்தில்
ஊர்ந்துகொண்டிருக்கிறோம்.
ஒரு புள்ளி சரிந்தது.
"இரைச்சல்" என்றான் ஆன்ஸ்கார்.
மறுபடியும் எடுத்தோம். சரிந்தது.
பாதிப் படகோடு வீப்கேயின் கை நின்றது.
நாற்பது முறை எடுத்தும்
பள்ளம் பள்ளமாகவே இருந்தது,
மழுங்கலாய், பிழைக்கோடுகள் தடித்து,
யாருக்கும் காட்ட வெட்கப்படும்படி.
யாரும் துள்ளவில்லை.
"நாளைக்கும் வந்தால் நம்பலாம்" என்றாள்
நாளைக்கு இல்லாதவள்.

நாலே முக்காலுக்குக் கோட்டு மாட்டினாள்.
படகுகளை எடுத்துப்போகவுமில்லை,
குப்பையில் போடவுமில்லை.

பிறகு திரையில் பச்சைக் கோடு, நேராக.
வெகுநேரம் நேராக.
ஐந்து மணி மூன்று நிமிடத்துக்கு
அது மெல்ல ஏறியது.
ஏழு மில்லிகாஸ்.
ஏறி, கொஞ்சம் நின்று, இறங்கியது.

"முதல் டிராம்" என்றான் ஆன்ஸ்கார்.
"ஆமாம்" என்றேன்.

லிஃப்டைத் தவிர்த்துப் படியில் இறங்கினோம்,
ஆளுக்கு ஒரு நேரத்தில்.